பெயரில் கோட்டை, கல்லில் மாளிகை: பழைய கட்டடங்களில் எது எதில் சேரும்?

கோத்தா கெமுனிங்கில் வீடு வாங்கிய யாரும் கோட்டைக்குள் குடிபோனதாக நினைப்பதில்லை. கோத்தா டாமன்சாராவில் மதிலும் இல்லை, அகழியும் இல்லை. அங்கே இருப்பது எம்.ஆர்.டி. நிலையமும், கார் நிறுத்த இடம் தேடி அலையும் மக்களும்தான். ஆனாலும் இரண்டு ஊர்களின் பெயரிலும் ‘கோத்தா’ நிற்கிறது. மலாய் மொழியில் அந்தச் சொல்லுக்கு முதலில் கோட்டை என்றுதான் பொருள். வடமொழி வழியாக வந்த சொல் அது. தமிழின் ‘கோட்டை’க்கும் உறவு. கோட்டையைச் சுற்றி ஊர் வளர, நாளடைவில் ஊருக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. இப்போது வீடமைப்பு நிறுவனங்கள் விளம்பரப் பலகையில் அதையே எழுதிக்கொள்கின்றன.

இன்னொரு பக்கம், உண்மையிலேயே போர் நடந்த கோட்டை மேடு ஒன்று கிள்ளான் நகரின் நடுவில் இருக்கிறது. தினமும் அதைக் கடந்து போகிறவர்களில் பலருக்கு அது கோட்டை என்றே தெரியாது. பேராக் மாநிலத்தின் பத்து காஜாவில் ஒரு துரை தன் குடும்பத்துக்காகக் கட்டத் தொடங்கி, முடிக்காமலே போன வீட்டை மட்டும் நாடே ‘காசல்’ என்று அழைக்கிறது.

எது கோட்டை, எது மாளிகை, எது வெறும் பழைய கட்டடம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? இது சொல் ஆராய்ச்சியோடு முடிகிற கேள்வி அல்ல. எந்தக் கட்டடம் நிற்கும், எதன் மேல் புல்டோசர் ஏறும் என்பதும் இதே கேள்வியைச் சுற்றித்தான் இருக்கிறது.

கோட்டை என்றால் என்ன?

திருக்குறளில் ‘அரண்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. நீர், வெட்டவெளி நிலம், மலை, காடு ஆகிய நான்கும் அங்கே அரணாகச் சொல்லப்படுகின்றன. உயரமும் அகலமும் உறுதியும் பகைவர் எளிதில் நெருங்க முடியாத தன்மையும் மதிலுக்கு வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு உணவும் வேண்டிய பொருளும் இருக்க வேண்டும். ஆக, தமிழ் மரபில் கோட்டைக்கு அடையாளம் அழகோ உயர்ந்த கோபுரமோ அல்ல. வெளியே இருப்பவன் உள்ளே வர முடியாமலும், உள்ளே இருப்பவன் பட்டினி கிடக்காமலும் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஐரோப்பியர் ‘காசல்’ என்று சொல்வது இதிலிருந்து சற்று வேறுபட்டது. ஒரு பிரபு தன் குடும்பத்தோடு குடியிருக்கும் வீடாகவும், எதிரி வந்தால் தாங்கி நிற்கும் அரணாகவும் ஒரே கட்டடம் இருந்தால்தான் அது காசல். படைவீரர்கள் மட்டும் தங்கினால் அது ராணுவக் கோட்டை. சொகுசாக வாழ மட்டும் கட்டியிருந்தால் அரண்மனை அல்லது மாளிகை. இங்கிலாந்தில் ஒரு பிரபு தன் வீட்டு மதிலின் உச்சியில் பல்வரிசை போன்ற இடைவெளிகளை வைத்துக் கட்ட விரும்பினால், ஒரு காலத்தில் அதற்கு மன்னரிடம் உரிமம் பெறும் வழக்கம் இருந்தது. பிற்காலத்தில் பீரங்கிக்கு முன்னால் அந்த மதில்கள் பயனற்றுப் போயின. அதன் பிறகும் பணக்காரர்கள் அதே வடிவத்தில் வீடு கட்டினார்கள். தற்காப்புக்காக அல்ல, மதிப்புக்காக. பெயரளவில் கோட்டைகள் பெருகியது அப்படித்தான்.

கிள்ளான் மேட்டுக் கதை

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு முதலில் கிள்ளானைப் பார்க்கலாம்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சிலாங்கூரின் செல்வம் ஈயம். உள்நாட்டில் தோண்டிய ஈயம் கிள்ளான் ஆற்று வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். ஆற்றின் வாயிலைப் பிடித்தவர் கையில் வரி. சுல்தான் முகமது கிள்ளானை ராஜா அப்துல்லாவிடம் ஒப்படைத்தார். 1857-இல் அம்பாங் பகுதிக்கு 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்களை அனுப்பியவர் இந்த ராஜா அப்துல்லாதான். கோலாலம்பூரின் பிறப்புக்கதை அங்கேதான் தொடங்குகிறது. கிள்ளானில் அவர் கட்டிய கெடோங் ராஜா அப்துல்லாவும் அதே காலத்தைச் சேர்ந்தது. ஈயத்தையும் சரக்கையும் சேர்த்து வைக்கும் கிடங்கு அது. அவருக்குக் குடியிருப்பாகவும் இருந்தது. பின்னாளில் அது ஈய அருங்காட்சியகமாக மாறியது.

சுல்தான் முகமதுவின் பேரனான ராஜா மஹ்டி, கிள்ளான் தனக்கு வந்திருக்க வேண்டும் என்று கருதினார். அவருடைய தந்தைதான் முன்பு அந்த வட்டாரத்தை ஆண்டவர். வரித் தகராறு சேர, 1867-இல் அது போராக வெடித்தது. ராஜா அப்துல்லா மலாக்காவுக்கு ஓட வேண்டியதாயிற்று. கிள்ளானைப் பிடித்த ராஜா மஹ்டி மேட்டின் மேல் தன் கோட்டையை அமைத்துக்கொண்டார். 1870-இல் கெடாவைச் சேர்ந்த தெங்கு கூடின் தரப்பு கிள்ளானை அவரிடமிருந்து மீட்டது. அதன் பிறகும் 1873 வரை மாநிலம் முழுக்கச் சண்டை ஓயவில்லை.

ராஜா மஹ்டியின் கோட்டை கருங்கல் மதில் அல்ல. இந்த மண்ணின் கோட்டைகளில் பல அப்படித்தான்: மண்ணை மேடாகக் குவித்து, மரத்தடிகளை நட்டு, உயரமான இடத்தில் பீரங்கியை வைப்பார்கள். மழையும் காலமும் அதை எளிதில் கரைத்துவிடும். இன்று அங்கே கண்ணுக்குப் படுவது முக்கியமாக அந்த நுழைவாயில்தான். புகைப்படம் எடுக்க வருகிறவர் “இவ்வளவுதானா?” என்று கேட்பார். ஆனால் வள்ளுவர் சொன்ன கணக்கில் பார்த்தால், கிள்ளான் பள்ளத்தாக்கில் கோட்டை என்ற பெயருக்கு முழு உரிமை உள்ள இடங்களில் இதுவும் ஒன்று. உயரம், ஆற்றின் மேல் பார்வை, உள்ளே படை, வெளியே பகை என எல்லாம் இருந்தது. இல்லாதது அழகு ஒன்றுதான்.

கோலசிலாங்கூரின் புக்கிட் மெலாவத்தியும் இதே வரிசையில் வரும். சுல்தான் இப்ராஹிம் காலத்தில் டச்சுக்காரர்களை எதிர்க்க அங்கே அரண் எழுந்தது. 1784-இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்துத் தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரைச் சூட்டினார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் மீட்டுக்கொண்டார். 1871-இல் பிரிட்டிஷ் கப்பல் அங்கே குண்டு பொழிந்தது. குரங்குக்குக் கச்சான் போட மட்டும் அந்தக் குன்றுக்குப் போய் வந்தவர்கள் அடுத்த முறை பீரங்கிகள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றன என்று கவனிக்கலாம்.

துரை கட்டிய ‘காசல்’

இப்போது பத்து காஜா. கெல்லிஸ் காசல் கிள்ளான் பள்ளத்தாக்கில் இல்லை என்றாலும், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கு அதைப் பற்றி ஒரு கதையாவது தெரிந்திருக்கும். பள்ளிச் சுற்றுலாவில் போனவர்கள் பேய்க் கதையோடு திரும்பியிருப்பார்கள்.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். 20 வயதில் மலாயாவுக்கு வந்து, காடு வெட்டும் குத்தகையில் சம்பாதித்து, ரப்பர் தோட்டம் வைத்து, துரையானார். முதலில் ஒரு வீடு கட்டினார். 1915-இல் அதன் பக்கத்தில் இன்னும் பெரிய மாளிகைக்கு வேலை தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரம், மின்தூக்கி என்று பெரிய திட்டம். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன. கட்டும் வேலைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து சுமார் 70 தொழிலாளர்கள் வந்தார்கள்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது ‘ஸ்பானிய காய்ச்சல்’ எனப்பட்ட கொள்ளைநோய் பரவியது. தொழிலாளர்களில் பலர் இறந்தார்கள். மாரியம்மனுக்குக் கோயில் கட்டினால்தான் இந்தத் துன்பம் தீரும் என்று மற்றவர்கள் துரையிடம் கேட்டார்கள் என்றும், அவர் சம்மதித்தார் என்றும் சொல்லப்படுகிறது. மாளிகையிலிருந்து சற்றுத் தொலைவில் இன்றும் அந்தக் கோயில் இருக்கிறது. அங்கே சாமி சிலைகளுக்கு நடுவில் தொப்பியும் வெள்ளைக்காரர் உடையுமாக ஓர் உருவம் நிற்கிறது. அது கெல்லி ஸ்மித்துக்கு அவருடைய தொழிலாளர்கள் வைத்த உருவம் என்பார்கள். 1926-இல் போர்த்துகல் போயிருந்த அவர் லிஸ்பனில் நிமோனியாவால் இறந்தார். மனைவி திரும்பி வரவில்லை. சொத்து ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மாளிகை அரைகுறையாகவே நின்றுவிட்டது.

இது கோட்டையா? நிச்சயமாக இல்லை. அகழி இல்லை, படை இல்லை, முற்றுகையிட வந்த பகைவனும் இல்லை. சுரங்கப்பாதைக் கதையை வைத்துக்கொண்டு இதைக் கோட்டையாக்க முடியாது. சொந்த ஊரில் பிரபுவாக இருக்க முடியாத ஒருவர், இங்கே பிரபுவாக வாழ ஆசைப்பட்டுக் கட்டிய வீடு. சொல்லின் கண்டிப்பான பொருளில் மாளிகை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் ‘காசல்’ என்ற பெயர்ப்பலகை செய்யும் வேலையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அந்தப் பெயரால்தான் சுற்றுப்பயணி வருகிறார், டிக்கெட் வாங்குகிறார், கட்டடத்துக்குப் பராமரிப்பு கிடைக்கிறது. அந்தச் சுவரை எழுப்பியவர்கள் படுத்து எழுந்த லயங்களைத் தேடி யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

தலைநகரில் தோற்றத்தால் கோட்டை போலத் தெரியும் கட்டடங்கள் வேறு உள்ளன. 1897-இல் முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் அரசாங்க அலுவலகம். 1910-இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் ரயில் நிலையம், ஆர்தர் பெனிசன் ஹப்பக் வரைந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் முகலாய அரண்மனை என்றே தோன்றும். உள்ளே போனால் பிளாட்பாரம். இந்தியாவில் பிரிட்டிஷார் கையாண்ட கட்டட பாணியை இங்கேயும் கொண்டுவந்து, மாடத்தையும் கோபுரத்தையும் அலுவலகத்துக்கும் ரயிலுக்கும் மாட்டினார்கள். புடு சிறையோ நேர் எதிர். 1895-இல் முடிந்த அந்தச் சிறைக்குக் கோட்டைக்குரிய உயரமான மதில் இருந்தது. ஆனால் அது வெளியே இருப்பவனைத் தடுக்க அல்ல, உள்ளே இருப்பவனை விடாமல் வைக்க.

சட்டம் கேட்பது வேறு

இதுவரை பார்த்தது சொல்லின் பொருள். பாதுகாப்பு என்று வரும்போது சட்டம் ‘இது கோட்டையா?’ என்று கேட்பதே இல்லை.

1976-ஆம் ஆண்டின் பழம்பொருள் சட்டத்தில் வயது பெரிய விஷயமாக இருந்தது. ஒரு நினைவுச்சின்னம் 100 ஆண்டு கடந்திருக்க வேண்டும். இல்லையேல் அமைச்சர் தனியாக அறிவிக்க வேண்டும். 1957-இல் சுதந்திரம் முழங்கிய மெர்டேக்கா அரங்கம் 2003-இல் தேசியப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது அதற்கு 50 வயதுகூட ஆகவில்லை. அதன் பின் வந்தது தேசியப் பாரம்பரியச் சட்டம் 2005. 645-ஆம் சட்டம் என்றும் சொல்வார்கள். 2006 மார்ச் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டத்தின் 67-ஆவது பிரிவில், ஒன்றைத் தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கும்போது அமைச்சர் எவற்றைக் கருதலாம் என்று ஒன்பது அம்சங்கள் உள்ளன. நாட்டின் வரலாற்றோடு தொடர்பு, நல்ல வடிவமைப்பு அல்லது அழகு, அறிவியல் அல்லது தொழில்நுட்பச் சாதனை, சமூக அல்லது பண்பாட்டுத் தொடர்பு, மக்களுக்குக் கற்பிக்கவும் மேலும் ஆராயவும் உதவும் தன்மை, பலவகைக் கூறுகள் வளமாகவோ அபூர்வமாகவோ கலந்திருப்பது, அரிதானது அல்லது தனித்தன்மையானது என்பது, ஒரு வகைக் கட்டடங்களுக்குப் பிரதிநிதியாக நிற்பது, கடைசியாகத் தொடர்புடைய வேறு எந்த விஷயமும்.

ஒன்பதையும் திரும்பப் படித்துப் பாருங்கள். பிரம்மாண்டம் என்ற சொல் இல்லை. பணக்காரர் கட்டியிருக்க வேண்டும் என்று இல்லை. நூறு வயது வேண்டும் என்று இல்லை. பெருமைப்படத் தக்கதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை.

கடைசியாகச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. 2010 ஜூன் மாதம் புடு சிறையின் மதில் இடிக்கப்பட்ட சமயத்தில், அது நாம் பெருமைப்படக்கூடிய ஒன்றல்ல என்று துணை நிதியமைச்சர் ஒருவர் நாடாளுமன்றத்தில் சொன்னார். சிறையைப் பற்றிப் பெருமைப்பட யாரும் கேட்கவில்லை. ஜப்பானியர் காலத்தில் போர்க்கைதிகள் அடைக்கப்பட்ட இடம், தூக்கு மேடை இருந்த இடம், நகரத்தின் ஒரு நூற்றாண்டு நினைவு. வரலாற்றுத் தொடர்பு என்ற முதல் அம்சத்துக்கு அதுவே போதும். இன்று அந்த நிலத்தில் பேரங்காடி இருக்கிறது. பழைய நுழைவாயில் மட்டும் மிஞ்சியது.

பெருமையை அளவுகோலாக வைத்தால் முதலில் விழுவது தோட்டத்து லயங்கள்தான்.

மாளிகையாக இருந்தாலும் தப்பிக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஜாலான் அம்பாங்கில் தொழிலதிபர் சுவா செங் போக் கட்டி, 1929-இல் முடித்த போக் ஹவுஸ், கோலாலம்பூரின் மிக அழகான தனியார் மாளிகைகளில் ஒன்று. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டு, 2006 டிசம்பர் மாதம், அது இடிக்கப்பட்டது. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில், நம்மவர் கடாரம் என்று பெருமையோடு சொல்லும் மண்ணில், ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டதாகக் கருதப்படும் ஒரு பழங்கோயிலின் எச்சம் இருந்தது. தொல்லியலாளர்கள் அதற்குப் பதினொன்றாம் எண் கொடுத்திருந்தார்கள். 2013-இல் அது வீடமைப்புப் பணிக்காக இடிக்கப்பட்ட செய்தி வெளியே வந்தது. நிலம் தனியாருடையது, அந்த எச்சம் அரசிதழில் பதிவாகவில்லை. வரலாற்றுப் புத்தகத்தில் இடம்பெறுவது வேறு, அரசிதழில் இடம்பெறுவது வேறு என்று பலருக்கும் அப்போதுதான் உறைத்தது.

பிரிக்பீல்ட்ஸ்: ஒன்று நின்றது, ஒன்று போனது

1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அடுத்தடுத்துத் தாக்கின. அத்தாப்புக் கூரை வீடுகளுக்குப் பதில் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரைத் திரும்பக் கட்ட பிராங்க் சுவெட்டன்ஹாம் முனைந்தார். அந்தச் செங்கல் சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். நகரின் பெரிய கட்டடங்களுக்குக் கல் கொடுத்த வட்டாரம், பிறகு ரயில்வே தொழிலாளர்களின் ஊராயிற்று. 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துக்கும் ரயில் ஓடத் தொடங்கியதும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் யாழ்ப்பாணத் தமிழ் எழுத்தர்களும் இங்கே குடியேறினார்கள்.

அவர்களில் யாழ்ப்பாணத் தமிழர்கள் 1904-இல் எழுப்பியது விவேகானந்தா ஆசிரமம். 2014-இல் அந்த நிலத்தில் 23 மாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்ற செய்தி பரவியதும் பிரிக்பீல்ட்ஸ் மக்கள் கூடினார்கள். கையெழுத்துத் திரட்டினார்கள், ஆசிரமத்தின் முன் திரண்டார்கள், பாரம்பரியத் துறையிடம் போனார்கள். பழைய நிலத்தை வைத்திருக்கும் எந்த அமைப்புக்கும் பராமரிப்புச் செலவு பெரிய சுமை என்ற மறுபக்கமும் அந்தச் சர்ச்சையில் இருந்தது. அதை அலட்சியப்படுத்த முடியாது. பின்னர் ஆசிரமம் சட்டப்படி பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்டது. கோபுரமோ மதிலோ அதைக் காப்பாற்றவில்லை. சமூகத் தொடர்பு என்ற அம்சமும், அதைச் சொல்ல ஆளிருந்ததும்தான் காப்பாற்றின.

ஆசிரமத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஜாலான் ரொசாரியோவிலும் ஜாலான் சான் ஆ தோங்கிலும் ‘நூறு குவாட்டர்ஸ்’ இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்க, ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள். ஒரே அளவு, ஒரே கூரை, பின்பக்கம் பிள்ளைகள் ஓடித் திரிந்த சந்து. எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் முதல் அரசாங்க முகவரி அது. அந்த வரிசை வீடுகள் 2010-களில் இடிக்கப்பட்டன. ‘ஒரு வகைக் கட்டடங்களுக்குப் பிரதிநிதி’ என்ற எட்டாவது அம்சத்துக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் பிரிக்பீல்ட்ஸில் வேறு இருந்திருக்காது. ஒரே மாதிரியான நூறு வீடுகள் என்பதைச் சிலர் குறையாகப் பார்த்தார்கள். சட்டத்தின் பார்வையில் அதுவே தகுதியாக இருந்திருக்கும்.

கோயில்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. அதைச் சொல்லாமல் விட முடியாது. ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலின் தொடக்கம் 1873. 1885-இல் இன்றைய இடத்துக்கு வந்தது. இப்போது நாம் காணும் கட்டடம் 1968-இல் முடிந்தது. நம் மரபில் கோயில் என்பது கல்லை மாற்றாமல் காப்பதல்ல. திருப்பணி செய்து, வண்ணம் தீட்டி, கும்பாபிஷேகம் நடத்துவது. ஆனால் பாரம்பரிய அதிகாரி பழைய சுவரைத் தேடுகிறார். பழைய தூணை இடித்து டைல்ஸ் ஒட்டிய பிறகு, ‘இது 120 ஆண்டுக் கோயில்’ என்று சொன்னால் காட்ட என்ன இருக்கிறது? திருப்பணி தொடங்கும் முன் பழைய கட்டடத்தை நாலு பக்கமும் படமெடுத்து, அளவெடுத்து வைக்கும் நிர்வாகங்கள் இன்னும் குறைவு.

தோட்டத்து மக்கள் செய்யக்கூடியது

கிள்ளான், பந்திங், பூச்சோங், சுபாங் என்று எங்கே பார்த்தாலும் ரப்பர் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பல இடங்களில் தோட்டத்தின் பெயர் மட்டும் சாலைப் பெயராக மிஞ்சியது. சில இடங்களில் துரை பங்களா நிற்கிறது; உணவகமாகவோ திருமண மண்டபமாகவோ புது வேலை பார்க்கிறது. லயம், பெரட்டுக்களம், பால் ஸ்டோர், ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை ஆகியவை நிற்பது அரிது. அரிதானது என்பதும் சட்டத்தில் ஓர் அம்சம் என்பது இங்கே நினைவுக்கு வர வேண்டும். முழு வரிசையாக, கிணறும் கோயிலும் பக்கத்தில் இருக்க, ஒரு பழைய லயம் எங்காவது நின்றால், அதன் தகுதி கெல்லியின் மாளிகைக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

ஒன்றைத் தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கும்படி அமைச்சருக்கு யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம் என்கிறது சட்டத்தின் 68-ஆவது பிரிவு. வழக்கறிஞராகவோ வரலாற்றுப் பேராசிரியராகவோ இருக்க வேண்டியதில்லை. தோட்டத்து முன்னாள் மாணவர் சங்கமும் செய்யலாம், கோயில் நிர்வாகமும் செய்யலாம். இது ஒரு பாதை. பாரம்பரிய ஆணையர் ஓர் இடத்தைப் பாரம்பரியத் தளமாக வகுப்பது இன்னொரு பாதை. அதற்கு முன் உரிமையாளருக்குக் குறைந்தது 60 நாள் அவகாசத்தோடு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அவர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். முடிவு வரும் முன் இடிப்பு அபாயம் இருந்தால் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை போடவும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு.

கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் ஒரு வித்தியாசம் உள்ளது. நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் வருவது. ஆகவே சிலாங்கூரில் உள்ள ஓர் இடத்தைப் பாரம்பரியத் தளமாக வகுக்க மாநில அரசின் சம்மதம் வேண்டும். கூட்டரசுப் பிரதேசமான தலைநகரில் அந்தப் படி கிடையாது. தோட்டத்து மக்கள் புத்ராஜெயாவுக்கு மட்டும் மனு எழுதிவிட்டுக் காத்திருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஷா ஆலாமுக்கும் ஒரு நகல் போக வேண்டும். சட்டமன்ற உறுப்பினருக்கும் தெரிய வேண்டும்.

மனுவோடு என்ன வைப்பது என்பதில்தான் நம் மக்கள் தடுமாறுகிறார்கள். “நாங்கள் ஐந்து தலைமுறையாக இங்கே இருந்தோம்” என்று உணர்ச்சியோடு எழுதினால் படிப்பவர் மனம் இளகலாம், கோப்பு நகராது. நிலத்தின் லாட் எண், இப்போதைய உரிமையாளர் பெயர், கட்டடத்தின் எல்லாப் பக்கப் படங்கள், கட்டிய காலத்துக்கான சான்று ஆகியவை தேவைப்படும். சான்று பெரும்பாலும் நம் வீட்டிலேயே இருக்கும். தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்தின் பெயரும் பிரிவும் இருக்கும். பழைய செக்ரோல் தாள், சம்பளச் சீட்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கல்யாணப் பத்திரிகையில் அச்சான லயத்து முகவரி, கும்பாபிஷேக மலரில் வந்த படம் என்று எல்லாமே ஆவணம்தான். திருமணப் படத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் தெரியும் பலகைச் சுவரும் தகரக் கூரையும்கூட ஆவணம்.

நேரமும் முக்கியம். நிலம் கைமாறி, மேம்பாட்டு அனுமதி கிடைத்து, வேலி போட்ட பிறகு தொடங்கும் போராட்டம் பெரும்பாலும் இழப்பீட்டுப் பேச்சில்தான் முடிகிறது. தோட்டம் இன்னும் செம்பனையோடு நிற்கும்போதே, விற்பனைப் பேச்சு காதில் விழும் முன்பே, படமெடுத்து, பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்து, மனுவை அனுப்பிவிட வேண்டும். பெரட்டுக்களத்தில் மணி எங்கே தொங்கியது, எத்தனை மணிக்கு அடித்தார்கள், கங்காணி எந்தப் பக்கம் நின்று பெயர் கூப்பிட்டார் என்று நேரில் பார்த்துச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் ஆகிறது.